மின்சார சாஸ்திரி ஸ்டைன்மெட்ஸ்

ஒரு தேசத்தின் எல்லையைக் கடந்து உள்ளே வர விரும்புவோரை வாயிலில் நிறுத்தி, இவன் வேண்டப்பட்டவன், இவன் வேண்டாதவன் என்று பிரிக்கும் உரிமை எல்லா ராஜாங்கங்களுக்கும் உண்டு. அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. எந்த அளவுகோலைக் கொண்டு பிரிப்பது என்பதில்தான் விவகாரம் இருக்கிறது. கையிலுள்ள காசையும், மேனியின் திடத்தையும், தோலின் நிறத்தையும் பார்த்து எடை போடுகிற அதிகாரி, வந்தவனுடைய தலைக்குள் இருப்பதை எங்ஙனம் காண்பான்? இந்தக் கேள்விக்கு ஒரு மனிதருடைய வாழ்க்கை தக்க விடையாக அமைந்திருக்கிறது. அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாயின. மின்சாரப் பொறியியல் பயிலும் மாணவர்கள் அவர் வகுத்த கணக்கை இன்றும் போடுகிறார்கள். ஆயினும் அவருடைய சரித்திரத்தை அறிந்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. பேராசிரியர் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ் என்பது அவர் பெயர்.

1889-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூயார்க் துறைமுகத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து நின்றது. அதன் கீழ்த்தட்டில், மிகக் குறைந்த கட்டணத்தில் பிரயாணம் செய்த ஏழைகளின் கூட்டத்தில், இருபத்து நான்கு பிராயமுள்ள ஜெர்மானிய வாலிபர் ஒருவர் இருந்தார். உயரம் ஏறக்குறைய நான்கடி. முதுகு கூனியிருந்தது; இடுப்பும் கோணியிருந்தது. இங்கிலீஷ் பேசத் தெரியாது. கையில் சொல்லத்தக்க பணமில்லை. எல்லிஸ் தீவு அப்பொழுது திறக்கப்படவில்லை. குடியேறுவோரைக் காஸில் கார்டன் என்ற இடத்தில் சோதித்து வந்தார்கள். 1882-ஆம் ஆண்டில் அமெரிக்கா செய்திருந்த சட்டப்படி, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாமல் பொதுஜனங்களுக்குப் பாரமாகக் கூடியவர்களைக் கரையேற விடலாகாது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் நினைத்த உருவத்துக்கு இந்த வாலிபரைவிடப் பொருத்தமானவர் அன்று அங்கே இருந்திருக்க மாட்டார். அதிகாரிகள் அவரைத் திருப்பியனுப்ப எண்ணியதில் வியப்பில்லை.

அவரைக் காப்பாற்றியவர் கூட வந்த தோழர் ஆஸ்முசன். கப்பற் கட்டணத்துக்கு உதவியவரும் அவரே. இவர் பெரிய கணித விற்பன்னர், இவருடைய பராமரிப்புக்கு நாமே பொறுப்பு என்று அவர் அதிகாரிகளிடம் எடுத்துரைத்து, பணத்தையும் காட்டினார். கதவு திறந்தது. ஒரு நண்பனுடைய வாக்குறுதியையன்றி வேறு ஆதாரம் எதுவும் அந்த வாலிபருக்கு அன்று இல்லை.

இனி அவருடைய பூர்வோத்தரத்தைச் சிறிது கூறுவோம். 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9-ந் தேதி, அக்காலத்தில் பிரஷ்ய ராஜ்யத்தைச் சேர்ந்ததும் இப்பொழுது போலந்தில் விராட்ஸ்வாஃப் என்று வழங்குவதுமான பிரெஸ்லாவ் நகரத்தில் அவர் பிறந்தார். கார்ல் ஆகஸ்ட் ருடால்ஃப் என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தை ரெயில்வேயில் கல்லச்சு வேலை செய்தவர். குழந்தைக்கு ஒரு வயதாகும்போதே தாய் இறந்துவிட, பாட்டியார் எடுத்து வளர்த்தார். உடற்கூனல் பரம்பரையாக வந்தது. தந்தைக்கும் பாட்டனாருக்கும் அது இருந்தது. ஆடவும் ஓடவும் இயலாத பிள்ளை புஸ்தகத்தைப் பற்றிக்கொண்டது. 1883-ஆம் ஆண்டில் பிரெஸ்லாவ் சர்வகலாசாலையில் சேர்ந்து கணிதமும் பௌதிகமும் கற்றார். மாணவர் சங்கத்தில் தோழர்கள் அவருக்கு இட்ட பட்டப்பெயர் புரோட்டியஸ் என்பது. கிரேக்கர்களின் புராணத்தில் புரோட்டியஸ் என்பவன் ஒரு கடல் முதியவன். பிடித்தவர் கையில் அகப்படாமல் பல உருவம் எடுப்பவன். அமெரிக்காவுக்கு வந்தபின் தம் பெயரைச் சார்லஸ் என்று மாற்றிக்கொண்டவர், நடுப்பெயராக அந்தப் பட்டப்பெயரையே வைத்துக்கொண்டார். பரிகாசத்தில் பிறந்த பெயரை வெட்கமின்றிச் சூடிக்கொள்ளும் மனத்திட்பம் அவரிடம் இளமையிலேயே இருந்தது.

அந்தச் சர்வகலாசாலையில் கணிதத்தோடு அவர் கற்ற மற்றொரு பாடம் அபேதவாதம். ஜெர்மனியில் அப்பொழுது பிஸ்மார்க்கின் ஆட்சி. அபேதவாதிகளுக்கு விரோதமாக 1878-ஆம் ஆண்டில் அவர் கொண்டுவந்த சட்டம், கூட்டங்களையும் சங்கங்களையும் பத்திரிகைகளையும் ஒடுக்கி வந்தது. 1890-ஆம் ஆண்டில்தான் அது காலாவதியாயிற்று. பிரெஸ்லாவில் அபேதவாதிகள் நடத்திய பத்திரிகையின் ஆசிரியர் சிறைக்குப் போனபோது, மாணவரான ஸ்டைன்மெட்ஸ் அந்த ஸ்தானத்தில் அமர்ந்து எழுதத் தொடங்கினார். ஆசிரியர் ஒருவர் சிறை புகுந்தால் அடுத்தவர் அவருடைய நாற்காலியில் அமர்வதும், அவரும் பிடிபட்டால் மூன்றாமவர் வருவதும் நமது சுதந்தரப் போராட்டத்தின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தியன்று. போலீஸாரின் கண் விரைவில் அவர்மேல் விழுந்தது. டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதி முடித்திருந்த சமயம். இன்னும் சிறிது காலம் இருந்தால் பட்டம் கைக்கு வந்துவிடும். இருந்தால் சிறையும் வந்துவிடும். 1888-ஆம் ஆண்டில் தந்தையையும் பட்டத்தையும் ஊரையும் விட்டு அவர் ஸ்விட்ஸர்லாந்துக்கு ஓடினார். ஸூரிச் நகரத்துப் பாலிடெக்னிக் கல்விச்சாலையில் யந்திரப் பொறியியல் பயிலும்போது ஆஸ்முசனுடைய சிநேகம் வாய்த்தது. அங்கிருந்தே இருவரும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

அமெரிக்காவில் அவருக்கு முதலில் வேலை கொடுத்தவர் ருடால்ஃப் ஐக்கமையர். நியூயார்க்குக்கு அருகிலுள்ள யாங்கர்ஸ் என்னும் ஊரில் தொப்பி செய்யும் யந்திரங்களையும், பிறகு மின்சார மோட்டார்களையும் செய்துவந்த தொழிலதிபர் இவர். 1848-ஆம் ஆண்டு ஜெர்மானியப் புரட்சி தோற்றபின் நாடு விட்டு வந்தவர். நாற்பதாண்டுகளுக்கு முன் தாம் நின்ற நிலையில் இப்பொழுது வேறொருவன் நிற்பதை அவர் கண்டிருக்க வேண்டும். வாரத்துக்கு 12 டாலர் சம்பளத்தில் வரைபடம் எழுதுபவராக ஸ்டைன்மெட்ஸ் அமர்ந்தார். அவருடைய கணித ஞானத்தைக் கண்ட முதலாளி, விரைவில் அவருக்கென்று ஒரு சிறிய ஆராய்ச்சிசாலையை ஏற்படுத்திக் கொடுத்தார்.

அக்காலத்தில் மின்சாரத் தொழிலுக்கு இருந்த பெரிய தொல்லை யாதெனில், யந்திரத்தைச் செய்து முடித்து ஓட்டிப் பார்க்கும் வரையில் அது எவ்வளவு சக்தியை வீணாக்கும் என்பது தெரியாது. மாறுமின்சாரம் ஒரு திசையில் பாய்ந்து, உடனே எதிர்த்திசையில் பாயும். நமது நாட்டில் அது வினாடிக்கு 50 தடவை இவ்வாறு சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் யந்திரத்தினுள் இருக்கும் இரும்பு ஒருபுறமும் மறுபுறமுமாகக் காந்தமேற வேண்டும். ஆனால் இரும்பு சோம்பேறி; உடனே திரும்பாமல் சற்றுப் பின்தங்கியே திரும்பும். இந்தப் பின்தங்கலுக்கு ஹிஸ்டெரிஸிஸ் என்று பெயர். அதனால் வீணாகும் சக்தி சூடாக மாறும். கணக்குத் தெரியாமல் செய்த மோட்டார் காய்ந்து கருகும். பிறகு வேறொன்று செய்து பார்க்க வேண்டும். குருடன் கோல் கொண்டு வழி தேடுவதுபோல் நடந்துவந்த தொழில் அது.

ஸ்டைன்மெட்ஸ் பலவகை இரும்புகளை எடுத்துப் பொறுமையாக அளந்தார். பிறர் அளந்து வெளியிட்ட எண்களையும் சேர்த்து ஆராய்ந்தார். இரும்பில் ஏறும் காந்தச் செறிவின் உச்ச அளவை 1.6 மடிப்பெருக்கம் செய்தால், வீணாகும் சக்தி அந்த விகிதத்தில் இருக்கும் என்று கண்டார். செறிவு இருமடங்கானால் நஷ்டம் ஏறக்குறைய மூன்று மடங்காகும் என்பது இதன் பொருள். யந்திரத்தைச் செய்வதற்கு முன்பே காகிதத்தில் அதன் நஷ்டத்தைக் கணக்கிட இது வழி செய்தது. 1892-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அமெரிக்க மின்சாரப் பொறியாளர் கழகத்தின்முன் அவர் இதைப் படித்தபோது அவருக்கு வயது இருபத்தாறு. பொதுஜனங்களுக்குப் பாரமாகிவிடுவார் என்று வாயிலில் தயங்கிய நாள் கழிந்து மூன்று வருஷங்கள்கூட நிறைவு பெறவில்லை.

அடுத்த ஆண்டில் அவர் செய்தது இதனினும் பெரிது. மாறுமின்சாரம் கணந்தோறும் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதால், அதன் அளவோடு அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதற்கு உயர்ந்த கணிதமுறைகள் தேவைப்பட்டன. தொழிற்சாலையில் வேலை செய்யும் பொறியாளர்களுக்கு அவை எட்டாக் கனி. எந்த எண்ணைத் தன்னோடு தானே பெருக்கினால் குறை ஒன்று வருமோ, அந்தக் கற்பனை எண்ணைக் கணித சாஸ்திரிகள் நெடுநாளாக அறிந்திருந்தார்கள். அதைக் கையாண்டால் மாறுமின்சாரத்தின் அளவையும் கட்டத்தையும் ஒரே எண்ணில் அடக்கிவிடலாம் என்றும், பிறகு பள்ளிக்கூடத்துப் பீஜகணிதமே போதும் என்றும் ஸ்டைன்மெட்ஸ் காட்டினார். 1893-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சிகாகோவில் கூடிய சர்வதேச மின்சார மகாநாட்டில் அதை வெளியிட்டார். கேட்டவர்களில் பலருக்கு விளங்கவில்லை. 1897-ஆம் ஆண்டில் பெர்க் என்பவருடைய துணையுடன் அவர் அதைப் பெரிய நூலாக வெளியிட்ட பிறகும், அதனைப் படித்து உணர்ந்தவர்கள் சிலரே. ஆகவே மேலும் மேலும் பாடநூல்கள் எழுதினார். மெல்ல மெல்ல அம்முறை உலகெங்கும் பரவிற்று. நயாகராவின் நீர்வீழ்ச்சியிலிருந்து இருபது மைலுக்கு அப்பாலுள்ள பஃபலோ நகரத்துக்கு 1896-ஆம் ஆண்டில் மின்சாரம் சென்றது. பைகாராவிலிருந்து கோயமுத்தூருக்குப் பின்னாளில் வந்ததும் அவ்வகை மின்சாரமே. மலையருவியின் வலிமை கம்பி வழியாகத் தொலைவிலுள்ள ஆலைக்கு வருவதென்றால், அதற்குப் பின்னால் இத்தகைய கணக்கு இருக்கிறது.

எடிசனுடைய கம்பெனியும் மற்றொரு பெரிய கம்பெனியும் 1892-ஆம் ஆண்டில் இணைந்து ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி உருவாயிற்று. சிறிது காலத்துக்குள் அது ஐக்கமையருடைய தொழிற்சாலையை விலைக்கு வாங்கியது. யந்திரங்களோடு ஸ்டைன்மெட்ஸும் தமக்குக் கிடைப்பார் என்பது அந்த வியாபாரத்துக்கு ஒரு முக்கிய காரணம். 1894 முதல் நியூயார்க் மாகாணத்து ஸ்கெனெக்டடி நகரம் அவருடைய ஊராயிற்று. இறுதி வரையில் அங்கேயே வாழ்ந்தார். 1900-ஆம் ஆண்டில் அந்தக் கம்பெனி ஆரம்பித்த பிரசித்தி பெற்ற ஆராய்ச்சிசாலை, ஸ்டைன்மெட்ஸ் வீட்டின் பின்புறத்து வண்டிக்கொட்டகையில்தான் பிறந்தது. 1901-ல் மின்சாரப் பொறியாளர் கழகத்துக்குத் தலைவரானார். 1902-ல் ஹார்வர்டு சர்வகலாசாலை கௌரவப் பட்டம் அளித்தது. பிரெஸ்லாவில் விட்டு ஓடிய பட்டத்துக்கு இவ்வாறு ஈடு கிடைத்தது.

அதே சமயத்தில், ஸ்கெனெக்டடியிலுள்ள யூனியன் கல்லூரி அவரை மின்சாரப் பொறியியல் பேராசிரியராக அழைத்தது. கம்பெனியின் வேலையை விடாமலே அதனை ஏற்று, 1913-ஆம் ஆண்டு வரையில் அத்துறைக்குத் தலைமை வகித்தார். அதன்பின்னும் கல்லூரியின் தொடர்பை விடவில்லை. பொறியியல் மாணவர்களுக்குக் கணிதம் எவ்வளவு வேண்டும், எவ்வாறு வேண்டும் என்பதை அவரே அநுபவத்தில் கண்டவர். கல்லூரியில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1911-ஆம் ஆண்டில் பொறியியற் கணிதம் என்னும் நூலாக வெளிவந்தன. தாம் ஒருவரே அறிந்திருந்தால் வித்தைக்கு மதிப்பு மிகும் என்று எண்ணி, சூத்திரத்தை ஒளித்து வைப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். இவரோ தமக்கே உரிய கருவியை ஆயிரம் வாலிபர்களின் கையில் கொடுத்துவிட்டார். அவருடைய பெயரில் சுமார் 200 காப்புரிமைகள் பதிவாயின. ஆனால் சிகாகோவில் வெளியிட்ட கணக்குமுறைக்குக் காப்புரிமை எதுவும் கிடையாது. உலகத்துக்கு அதிகம் பயன்பட்டது அதுவே.

அவருடைய வீட்டு வாழ்க்கையைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை கூறுவோம். தம் உடற்குறை தம் குழந்தைகளுக்கும் வருமே என்று அஞ்சி அவர் விவாகம் செய்துகொள்ளவில்லை. ஆராய்ச்சிசாலையில் தமக்கு உதவி புரிந்த ஹேடன் என்ற இளைஞரையும் அவருடைய மனைவியையும் தம் பெரிய வீட்டில் வந்து வசிக்கும்படி வேண்டிக்கொண்டார்; பிறகு ஹேடனைச் சட்டப்படி சுவீகாரம் செய்துகொண்டார். அவர்களுக்குப் பிறந்த மூன்று குழந்தைகளுக்கு இவரே பாட்டனார். கண்ணாடிக் கொட்டகையில் கள்ளிகளையும் ஆர்க்கிட் செடிகளையும் வளர்த்தார். முதலைக் குட்டிகளையும் வளர்த்தார். வேனிற்காலத்தில் நகரத்துக்கு வெளியே நீரோடைக் கரையில் கட்டிய குடிலில் தங்குவார். ஓடத்தின் குறுக்கே பலகையைப் போட்டு, அதன்மேல் காகிதங்களை விரித்துக் கணக்குப் போடுவார். யந்திரத்தில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஒரு பெரிய முதலாளியிடம் பதினாயிரம் டாலர் கேட்டார் என்ற கதை இன்றும் வாய்மொழியாக உலவுகிறது. அது கதையாகவே இருக்கட்டும். உண்மையான சரித்திரமே அவருடைய பெருமைக்குப் போதும்.

அவருடைய ராஜீய வாழ்க்கைக்கு வருவோம். நாடு விட்டு வந்த புரட்சிக்காரர் பலர், சோறும் சம்பளமும் கிடைத்தபின் பழைய கொள்கையைப் பெட்டியில் பூட்டிவிடுவது உலக வழக்கம். ஸ்டைன்மெட்ஸ் அவ்வாறு செய்யவில்லை. 1911-ஆம் ஆண்டு இறுதியில் ஸ்கெனெக்டடி நகரத்தார் பாதிரியாரான ஜார்ஜ் லன் என்னும் அபேதவாதியை நகரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் பெரும்புகழ் பெற்ற பத்திரிகை எழுத்தாளர் வால்டர் லிப்மன் அவருக்குக் காரியதரிசியாக வந்தார். சில மாதங்களிலேயே அலுத்துப்போய் விலகிவிட்டார். ஸ்டைன்மெட்ஸ் கல்விச் சபையின் அங்கத்தினராகி, பிறகு அதன் தலைவருமானார். வருஷக்கணக்கில் அந்தப் பதவியிலிருந்து உழைத்தார். வந்தேறிய தொழிலாளரின் குழந்தைகளால் நகரம் நிறைந்து, பள்ளிக்கூடங்களில் இடம் போதாதிருந்த காலம். புதிய பள்ளிக்கட்டடங்களுக்கும், விளையாட்டு மைதானங்களுக்கும், பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகளுக்கும் அவர் பாடுபட்டார். 1915-ஆம் ஆண்டில் நகரசபைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகப் பிரசித்தி பெற்ற சாஸ்திரி ஒருவர், சின்ன நகரமொன்றின் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை அறைகள் வேண்டும் என்று உட்கார்ந்து கணக்கிட்டதை எண்ணிப் பாருங்கள்! மேடையில் முழங்கிவிட்டு, கமிட்டிக் கூட்டத்துக்கு வராமலிருக்கும் தேசபக்தர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது.

அவரிடம் ஒரு முரண்பாடு உண்டு. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. தனி முதலாளித்துவம் ஒழிய வேண்டும் என்று கூறியவர், உலகத்தின் மிகப் பெரிய முதலாளிக் கம்பெனிகளில் ஒன்றின் சம்பளத்தில் வாழ்ந்தார். இதற்குச் சமாதானமாக அவர் ஒரு கொள்கையே வகுத்தார். பெருங்கம்பெனிகள் போட்டியை நீக்கி, உற்பத்தியைத் திட்டமிட்டு ஒழுங்கு செய்கின்றன. ஆகவே அவையே வருங்காலக் கூட்டுறவு சமுதாயத்தின் வித்து என்று 1916-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வாதித்தார். இது நமக்கு உடன்பாடன்று. தலைக்கு மேல் வளர்ந்த கம்பெனி, ஜனங்களுக்கு எஜமானாக முயலுமேயன்றி ஊழியனாக இசையாது. கம்பெனி தமக்குக் காட்டிய தாராளத்தைக் கொண்டு எல்லாக் கம்பெனிகளின் சுபாவத்தையும் அவர் அளந்துவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. எனினும், கொள்கையை வெளியில் சொல்ல அவர் ஒருநாளும் கூசியதில்லை. ருஷியாவை மின்சாரமயமாக்க 1920-ல் வகுத்த திட்டத்தைக் கேள்வியுற்று, 1922-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் லெனினுக்குக் கடிதம் எழுதி, தம்மாலான உதவியைச் செய்ய முன்வந்தார். ஏப்ரல் மாதத்தில் லெனினிடமிருந்து நன்றியுடன் பதில் வந்தது. போல்ஷ்விக் என்ற சொல்லைக் கேட்டாலே அமெரிக்கா நடுங்கிய நாட்களில் இது நடந்தது. அதே ஆண்டில் நியூயார்க் மாகாணத்தின் பொறியாளர் பதவிக்கு அபேதவாதிகளின் சார்பில் தேர்தலில் நின்று தோற்றார். தோல்விக்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

அவருடைய கடைசிப் பெருஞ்செயல் மின்னலைப் பற்றியது. ஒருசமயம் அவருடைய ஓடைக்கரைக் குடிலில் இடி விழுந்து, நிலைக்கண்ணாடி தூள் தூளாயிற்று. மற்றவர்கள் கூட்டித் தள்ளியிருப்பார்கள். அவரோ சில்லுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒட்டி, மின்னல் சென்ற வழியை ஆராய்ந்தார். பிறகு ஆராய்ச்சிசாலையிலேயே மின்னலைச் செய்து காட்டினார். 1922-ஆம் ஆண்டில் அவர் உண்டாக்கிய செயற்கை மின்னலின் அழுத்தம் 1,20,000 வோல்ட். ஒரு வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு அதன் வலிமை பத்து லட்சம் குதிரைச்சக்திக்கு மேல் இருந்தது. வேடிக்கைக்காகச் செய்ததன்று. இடி விழுந்தால் நெடுந்தூர மின்கம்பிகளும் யந்திரங்களும் நாசமாகும். அவற்றைக் காக்கும் கருவிகளைச் சோதிக்க, நினைத்தபோது வரவழைக்கக்கூடிய மின்னல் தேவையாயிருந்தது. முதுமையடைந்த எடிசனும் அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் ஸ்கெனெக்டடிக்கு வந்து அதைக் கண்டு சென்றார். மறு ஆண்டில், வளர்ப்பு மகனுடைய குடும்பத்தோடு மேற்குக் கடற்கரை வரை பிரயாணம் செய்து திரும்பிய ஸ்டைன்மெட்ஸ் நோயுற்று, 1923-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 26-ந் தேதி தம் வீட்டில் காலமானார். வயது ஐம்பத்தெட்டு. யூனியன் கல்லூரி மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சிகளை ஆண்டுதோறும் வெளியிடும் விழா அவர் பெயரால் நடந்து வருகிறது.

நிற்க, அவர் காலமான அதே 1923-ஆம் ஆண்டில் நிகழ்ந்த வேறொன்றையும் சட்டம் பயின்ற நாம் இங்கே குறிப்பிடாதிருக்க முடியாது. பகத் சிங் திண்டு என்ற பஞ்சாபியர் அமெரிக்காவில் குடியேறி, முதல் உலக யுத்தத்தில் அந்நாட்டுச் சேனையில் சேவை செய்தவர். பிரஜா உரிமை கேட்டார். அவர் வெள்ளையர் அல்லர், ஆதலின் அவ்வுரிமைக்குத் தகுதியற்றவர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிப்ரவரி மாதத்தில் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸதர்லண்ட் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்து குடியேறியவர் என்பது கவனிக்கத்தக்கது. இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1917-ஆம் வருஷத்துச் சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து குடியேறுவதைத் தடுத்துவிட்டது. 1924-ஆம் வருஷத்துச் சட்டம் கிழக்கு ஐரோப்பியருக்கும் தெற்கு ஐரோப்பியருக்கும் கதவை மிகவும் ஒடுக்கியது. 1946-ஆம் ஆண்டில்தான் இந்தியருக்குப் பிரஜா உரிமையும், வருஷத்துக்கு நூறு பேர் வரலாம் என்ற சலுகையும் கிடைத்தன. தேசவாரி ஒதுக்கீட்டு முறை ஒழிந்தது 1965-ல்.

கூனலுடன் வந்த ஸ்டைன்மெட்ஸுக்குக் கடைசியில் கதவு திறந்ததற்கு ஆஸ்முசனுடைய நட்பு ஒரு காரணம். அவர் ஐரோப்பியராயிருந்தது மற்றொரு காரணம் என்பதை மறக்கலாகாது. அவர் கரையேறுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1882-லேயே, சீனத் தொழிலாளருக்கு அதே தேசம் வாயிலை அடைத்திருந்தது. அடைத்த கதவுக்கு வெளியே நின்று திரும்பியவர்களில் எத்தனை ஸ்டைன்மெட்ஸுகள் இருந்தார்களோ, அவர்களுடைய பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. உள்ளே விட்டதனால் வந்த லாபத்துக்குக் கணக்குண்டு. திருப்பியனுப்பியதனால் வந்த நஷ்டத்துக்குக் கணக்கு வைப்பவர் யார்?

இதை அமெரிக்காவின்மேல் குற்றம் சாட்டுவதற்காக மட்டும் நாம் எழுதவில்லை. ஒவ்வொரு தேசத்திலும், ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு காஸில் கார்டன் இருக்கிறது. ஊனமுள்ள பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று கேட்கும் பெற்றோரும், பிறந்த குலத்தைக் கேட்டு முகம் சுளிக்கும் நிர்வாகியும், பிழைக்க வந்த வேற்றூர்த் தொழிலாளியின் குழந்தைக்கு இடமில்லை என்று சொல்லும் தலைமையாசிரியரும் அதன் அதிகாரிகளே. பொதுவாழ்வில் ஈடுபட்டிருக்கும் நம் அன்பர்கள் தத்தம் ஊரில் அந்த வாயில் எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்க்கட்டும். அங்கே இன்று யாரேனும் நின்றுகொண்டிருந்தால், ஆஸ்முசன் செய்ததுபோல் ஒருவர் முன்வந்து, இவருக்கு நாம் பொறுப்பு என்று சொல்லட்டும். அப்படி உள்ளே வந்தவர் பின்னாளில் என்ன ஆவார் என்பதை அன்றைக்கே அறிய முடியாது. நியூயார்க் துறைமுகத்து அதிகாரிகளாலும் அது முடியவில்லை.